நீளப் பந்தைக் கைவிடச் சொல்லாதீர்கள்

போடிநாயக்கனூரைச் சுற்றிக் கால்பந்து ஆடும் இளைஞர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு வெகுகாலமாக நிலைத்துவிட்டது: "நம்ம பசங்களுக்கு லாங் பால் வராது." பி.டி. வாத்தியார் சொல்கிறார். கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும் பழைய ஆட்டக்காரர் சொல்கிறார். நாலு பந்து வீணாகப் போனதும் ஆடுகிறவனே அதை நம்பத் தொடங்கிவிடுகிறான். பின்வரிசையில் நிற்பவன் முப்பது, நாற்பது மீட்டருக்குத் தூக்கிப் போட வேண்டும். எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி ஓடுகிறவன் அதை வாங்க வேண்டும். இந்த இருவருக்கும் நடுவே பந்து சேராமல் போவதைத்தான் இந்தப் பக்கத்து மேட்சுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பந்து சேரவில்லை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஏன் சேரவில்லை என்று சொல்லப்படும் காரணங்களையும், அதற்கு மருந்தாகச் சொல்லப்படும் யோசனையையும்தான் மறுக்கிறேன்.

அந்தத் தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வாதங்கள் கிடைக்கும். பந்து சேராவிட்டால் குற்றம் ஒருவனுடையது, ஒன்று அடித்தவன் கால் சரியில்லை, இல்லை ஓடியவனுக்கு வேகம் போதவில்லை என்பது முதலாவது. மலையிலும் மலையடியிலும் வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் இயல்பிலேயே வராது என்பது இரண்டாவது. நீளப் பந்து பழங்காலத்து முரட்டு ஆட்டம், இன்றைய கால்பந்து தரையோடு தரையாகச் சின்னச் சின்னப் பாஸ்களால் ஆடப்படுவது, ஆகவே வராததை விட்டுவிட்டு வருவதை ஆடு என்பது மூன்றாவது. மூன்றையும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். தோற்றுத் தோற்று மனம் உடைகிற பையன்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனாலும் மூன்றும் தவறு. அந்த அக்கறையே நம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் வாதத்துக்குக் கணக்கே பதில் சொல்லும். நாற்பது மீட்டருக்குத் தூக்கி அடித்த பந்து தரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை நொடி ஆகும். நன்றாக ஓடுகிற இளைஞன் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் ஓடுவான். பந்து காற்றில் இருக்கும் நேரத்துக்குள் அவன் பதினேழு மீட்டருக்கு மேல் போய்விடுகிறான். அதாவது, பந்தை அடிக்கிறவன் தன் ஆள் நிற்கிற இடத்துக்கு அடிக்க முடியாது; யாருமே இல்லாத ஒரு வெற்றிடத்துக்கு அடிக்க வேண்டும். ஓடுகிறவனும் பந்து வருகிற இடத்தைப் பார்த்து ஓட முடியாது. பந்து கிளம்பும் முன்பே அவன் கிளம்பியிருக்க வேண்டும்.

இப்போது பிசகு எங்கே நேர்கிறது என்று பாருங்கள். அடிக்கிறவனுடைய காலின் திசை ஐந்து பாகை தவறினால், நாற்பது மீட்டர் தொலைவில் பந்து மூன்றரை மீட்டர் விலகிப் போகும். ஐந்து பாகை என்பது பெரிய பிசகு, பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஓட்டம் அரை நொடி முன்பின்னாகக் கிளம்பினாலும் இழப்பு அதே மூன்றரை மீட்டர்தான். ஆனால் அரை நொடி யார் கண்ணுக்கும் தெரியாது. பந்தை வாங்கியவன் ஒரு தடவை கூடுதலாகத் தட்டினாலே அந்த அரை நொடி போய்விடும். கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குக் கால் தெரிகிறது, பந்து தெரிகிறது, நேரம் தெரிவதில்லை. அதனால் தெரிகிற காலைத் திட்டுகிறார்.

ஆஃப்சைடு விசில் ஊதும்போது இந்த அநியாயம் இன்னும் பச்சையாகத் தெரியும். ஃபார்வர்டு சரியான நேரத்தில்தான் கிளம்புகிறான். பந்து வைத்திருப்பவன் தலையை நிமிர்த்தாமல் இன்னொரு தட்டுத் தட்டுகிறான். அதற்குள் ஓடுகிறவன் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி மூன்று மீட்டர் போய்விடுகிறான். கொடி உயர்கிறது. "முந்திக்கிட்டு ஓடுறியே, கண்ணு தெரியலையா?" என்று திட்டு வாங்குகிறவன் ஃபார்வர்டு. அடுத்த தடவை அவன் பயந்து தாமதமாகக் கிளம்புகிறான். பந்து அவனுக்கு முன்னால் நாலு மீட்டர் தள்ளி விழுந்து கோல்கீப்பர் கைக்குப் போகிறது. இப்போது திட்டு அடித்தவனுக்கு. பத்து நிமிடத்துக்குள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். நடந்தது ஒரே தவறு, அது இருவருக்கும் பொதுவானது. ரேக்ளா ஓட்டம் பார்த்துப் பழகிய கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்கவே வேண்டியதில்லை. வண்டி இழுத்துக்கொண்டு போனால் இந்த மாடு நொண்டி, அந்த மாடு சோம்பேறி என்று யாரும் உடனே சொல்வதில்லை. "சோடி சேரல" என்பார்கள். அதே மனிதர்கள் மைதானத்துக்கு வந்ததும் அந்த ஞானத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

இந்தச் சோடிப் பொருத்தத்தைத் தொழிலாகவே வளர்த்த ஆட்டம் ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும், கையால் எறிந்து ஆடும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் என்பவர் முன்னால் ஓடிப் பிடிப்பார். ஓடுகிறவர் எத்தனையாவது அடியில் திரும்புவார் என்பது முன்பே பேசி வைத்தது. எறிகிறவரும் தன் பின்வாங்கும் அடிகளை எண்ணித்தான் எறிவார். பல எறிதல்களில் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கையை விட்டுக் கிளம்பிவிடும். அந்த ஆட்டத்தில் பேர்போன ஜோடி பெய்டன் மேனிங்கும் மார்வின் ஹாரிசனும். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியில் 1998 முதல் 2008 வரை சேர்ந்து ஆடினார்கள். அந்த இருவருக்குள் மட்டும் லீக் ஆட்டங்களில் 112 டச்டவுன்கள் (நம் கோலுக்கு இணையானவை). அணியின் பயிற்சி முடிந்த பிறகும் இருவரும் தங்கி, ஒரே ஓட்டத்தை மறுபடி மறுபடி ஓடி, ஒரே எறிதலை மறுபடி மறுபடி எறிந்து பழகியவர்கள் என்பது அந்த ஆட்டத்தைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற, ஆண்டு முழுவதும் இதையே தொழிலாகச் செய்கிற அந்த ஆட்டக்காரர்களிடையேகூட இருபது யார்டுக்கு மேற்பட்ட எறிதல்கள் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் சேர்கின்றன. இருபது யார்டு என்பது பதினெட்டு மீட்டர்தான். அதுவும் கையால் எறிந்து, கையால் பிடிக்கிற ஆட்டம். நாம் நாற்பது மீட்டருக்குக் காலால் அடித்து, ஓடிக்கொண்டே நெஞ்சிலும் காலிலும் வாங்கச் சொல்கிறோம். நாலு பந்து தவறினால் "வராது" என்று முத்திரை குத்துகிறோம். அளவுகோலே தப்பு. நீளப் பந்து அடிக்கடி தவறத்தான் செய்யும். ஒன்று சேர்ந்தால் அது எதிரணியின் மொத்தத் தடுப்பையும் ஒரே வீச்சில் கடந்துவிடுகிறது. அதற்காகத்தான் உலகம் முழுக்க அதை ஆடுகிறார்கள்.

நம் கால்பந்திலிருந்தே ஒரு பந்தைச் சொல்கிறேன். 1998 உலகக் கோப்பை கால் இறுதி, பிரான்ஸின் மார்செய் நகரம், ஜூலை 4. நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும் ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியப் போகிற நிமிடத்தில் நெதர்லாந்தின் ஃபிராங்க் டி போயர் தன் பாதி மைதானத்திலிருந்து ஏறக்குறைய அறுபது யார்டுக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். டெனிஸ் பெர்க்காம்ப் அதைக் காற்றிலேயே வலது காலால் வாங்கி அடக்கினார். இரண்டாவது தொடுதலில் தடுப்பாளரை ஏமாற்றினார். மூன்றாவதில் கோல் அடித்தார். அந்த மூன்று தொடுதல்களைத்தான் உலகம் கொண்டாடுகிறது. பந்து கிளம்பும் முன்பு டி போயரும் தானும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டதைப் பெர்க்காம்ப் பிறகு சொல்லியிருக்கிறார். இருவரும் அயாக்ஸ் கிளப்பில் ஐந்து பருவங்கள் ஒன்றாக ஆடியவர்கள். தேசிய அணியிலும் கூட்டாளிகள். அந்தக் கண் பார்வை ஒரே நாளில் வந்ததில்லை. மேதையின் கால் என்று நாம் வியக்கிற இடத்திலும் அடியில் இருப்பது பல வருஷத்துப் பழக்கம்.

போடியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மாலைநேரம் எந்த மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். வட்டமாக நின்று பந்து தட்டுவார்கள், கோல் போஸ்ட்டை நோக்கி வரிசையாக அடிப்பார்கள், அப்புறம் இரண்டு அணியாகப் பிரிந்து மேட்ச். நீளப் பந்து அடித்துப் பழக வேண்டுமென்றால் ஒருவன் இந்த முனையிலிருந்து அடிப்பான், அந்த முனையில் ஒருவன் நின்றுகொண்டே வாங்குவான். நிற்கிறவனுக்கு அடித்துப் பழகிய கால் மேட்சில் ஓடுகிறவனுக்கு எப்படிப் போடும்? நின்று வாங்கியே பழகியவன், தோளுக்கு மேலே பின்னாலிருந்து வரும் பந்தை ஓடிக்கொண்டே எப்படிக் கணிப்பான்? ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் பதித்து, உடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, பந்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடிப்பது வரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடிப்பதற்கு முந்தின தட்டில் பந்தைக் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி வை, அந்தத் தட்டுதான் ஓடுகிறவனுக்குச் சைகை, அதைக் கண்டதும் அவன் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அரிது. நீளப் பந்தின் உயிரே அந்த ஒரு தட்டில் இருக்கிறது.

ஓட்டத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. நேராகக் கோலைப் பார்த்து ஓடுகிறவன் இரண்டு அடியில் ஆஃப்சைடு ஆகிவிடுவான். கடைசித் தடுப்பாளரின் வரிசையை ஒட்டிக் குறுக்கே நாலு அடி ஓடி, பந்து கிளம்பும் நொடியில் வளைந்து உள்ளே வெட்டுகிறவன்தான் தப்புவான். அப்படி வளைந்து ஓடினால் பந்தும் அவன் பார்வைக்குள் இருக்கும். இதெல்லாம் பிறவித் திறமை கிடையாது. சொல்லிக் கொடுத்தால் ஒரு பருவத்தில் பிடிபடுகிற விஷயம். சொல்லிக் கொடுக்காததைத் தெரியவில்லை என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். மலைப் பிள்ளைகளுக்கு வராது என்பது. இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. ஒரு நிலத்தின் குறையை அந்த நிலத்தில் பிறந்தவர்களின் குறையாக மாற்றுகிற பேச்சு இது.

ஏலத்தோட்டம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தவர்கள் யோசிக்கட்டும். ஏலச்செடி நிழல் கேட்கும். பெரிய மரங்களின் கீழே, சரிவில்தான் அது வளரும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை வழியாக விரிகிற ஏலமலைக் காடு, திருவிதாங்கூர் அரசு 1897இல் காப்புக்காடாக அறிவித்த பகுதி. மரத்தை வெட்டி வெளியாக்குவது அங்கே நினைத்தபடி செய்யக்கூடியதில்லை. கிடைக்கிற கொஞ்சம் சமதளத்தில் வீடோ ஸ்டோரோ வந்துவிடுகிறது. கால்பந்து மைதானத்தின் பரிந்துரைக்கப்பட்ட அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். வாலிபால் கோர்ட் 18க்கு 9. பரப்பளவில் ஒரு கால்பந்து மைதானம் 44 வாலிபால் கோர்ட்டுகளுக்குச் சமம். மலையில் வாலிபால் செழித்ததற்கும் கால்பந்து குறுகிப்போனதற்கும் வேறு விளக்கம் தேவையா? கபடிக்கும் சின்னத் திடல் போதும். இடம் கொடுத்த ஆட்டம் வளர்ந்தது.

இதே மலைத்தொடரில் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகம் மைதானங்களை வெட்டிச் சமன்செய்து கொடுத்தது. தோட்டத்துக்கு ஓர் அணி என்று சேர்ந்து ஆடும் ஃபின்லே ஷீல்டு போட்டி அந்தத் துரைமார் காலத்தில் தொடங்கி, தலைமுறை தாண்டி நடந்து வந்திருக்கிறது. அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் யார்? தமிழ்நாட்டிலிருந்து மலையேறிப் போன தொழிலாளர்களின் பிள்ளைகள். அதே மக்கள், அதே மழை, அதே குளிர். வேறுபாடு ஒன்றுதான். தேயிலைக்குப் பெரிய கம்பெனி இருந்தது, தோட்டத்துக்குள்ளேயே லயங்கள் இருந்தன, மாலையில் ஆட ஆளும் மைதானமும் இருந்தன. ஏலத்தோட்டம் பெரும்பாலும் சிறு உடைமை. உடைமைக்காரர்களில் பலர் கீழே போடியில் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறிப் பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே போய், பொழுது சாய்கிற நேரத்தில் இறங்குகிறார்கள். போடிக்கு மேற்கே மலை சுவராக நிற்பதால் சூரியன் சமவெளியைவிடச் சீக்கிரமே மறைந்துவிடும். நாற்பது மீட்டர் தூரத்திலிருந்து உயர்ந்து வரும் பந்தை மங்கல் வெளிச்சத்தில் யாராலும் கணிக்க முடியாது. காய் எடுப்புக் காலத்தில் வேலைக்குப் போகிற இளைஞனுக்கு நீளப் பந்து பழக எந்த நேரம் மிச்சம் இருக்கிறது?

காற்றையும் கணக்கில் சேருங்கள். ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களின் வழியே மேல்காற்று கொட்டுகிற பள்ளத்தாக்கு இது. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. தூக்கி அடித்த பந்து கிழக்கே போனால் இழுத்துக்கொண்டு போகும். மேற்கே அடித்தால் நடுவழியில் நின்று விழும். உயரத்தின் கதையும் அதேதான். போடிக்கும் போடிமெட்டுக்கும் நடுவே ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடு. மேட்டில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அமெரிக்காவில் டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட மூணாறின் உயரத்தில் இருக்கிறது. அங்கே, முன்னே சொன்ன அமெரிக்க ஆட்டத்தில், 1998இல் 63 யார்டு, 2013இல் 64 யார்டு தூரத்திலிருந்து கோல் உதைத்திருக்கிறார்கள். அங்கே ஆடப் போகிற அணிகள் அந்த மெல்லிய காற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் போகின்றன. மேலே ஒரு வாரம், கீழே ஒரு வாரம் ஆடுகிற நம் பையனிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறோமா? பந்து நாலு மீட்டர் தள்ளி விழுந்ததும் அவன் காலைத்தான் குறை சொல்லியிருக்கிறோம்.

தென்தமிழ்நாட்டுக்குக் கால்பந்து வராது என்பதும் பொய்த்துப் போன பேச்சு. மதுரையின் சேது எஃப்சி பெண்கள் அணி 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆனது; 2018 இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி, பெண்கள் கால்பந்தில் அசைக்க முடியாதது என்று பேரெடுத்த மணிப்பூர். பயிற்சியும் தொடர் வாய்ப்பும் கிடைத்த இடத்தில் நம் பிள்ளைகள் ஜெயித்திருக்கிறார்கள். போடியிலிருந்து மதுரை இரண்டரை மணி நேரப் பயணம். அந்தத் தூரத்துக்குள் மனித உடம்பு மாறிவிடாது.

மூன்றாவது வாதம்தான் பலமானது, படித்தவர்கள் சொல்வது. நீளப் பந்து காலாவதியான ஆட்டம் என்பது. இதற்குப் பின்னால் உண்மையான வரலாறு உண்டு, அதை மறைக்க மாட்டேன். இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்பவர் 1950 முதல் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைத் தாளில் குறித்து, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் முடிகிற நகர்வுகளில்தான் விழுகின்றன என்று காட்டினார். சீக்கிரம் முன்னால் அடி என்ற போதனைக்கு அந்தக் கணக்கு ஆதாரமாக்கப்பட்டது. அதில் ஓட்டை இருந்தது. கோல் விழாத நகர்வுகளிலும் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள்தான் அறுந்துபோகின்றன. மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கோல்களை மட்டும் எண்ணியதால் வந்த மயக்கம் அது. அந்தப் போதனையைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பந்தை முன்னால் தள்ளிய அணிகளால்தான் நீளப் பந்துக்குக் கெட்ட பெயர் வந்தது. பிறகு 2008க்கும் 2012க்கும் நடுவே பார்சிலோனாவும் ஸ்பெயினும் சின்னப் பாஸ்களால் உலகத்தையே வென்றபோது, தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் குருட்டடியும் நீளப் பாஸும் ஒன்றில்லை. தன் காலில் நெருக்கடி வந்ததும் எங்காவது போகட்டும் என்று அடிப்பது குருட்டடி. அதைக் கைவிடச் சொன்னால் நானும் கூடவே சொல்வேன். ஒருவன் ஓடப்போகிற இடத்தை இன்னொருவன் முன்பே அறிந்து அங்கே பந்தைப் போடுவது வேறு காரியம். அதை யாரும் கைவிடவில்லை. 2014 உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியனான ஸ்பெயினை நெதர்லாந்து ஐந்துக்கு ஒன்று என்று சாய்த்த ஆட்டத்தைப் பாருங்கள். நெதர்லாந்தின் முதல் கோல் டேலி பிளிண்ட் இடது பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட நீளப் பந்து; ராபின் வான் பெர்சி பாய்ந்து தலையால் முட்டிய கோல். சின்னப் பாஸின் பேராசான் என்று புகழப்படும் குவார்டியோலாவே மான்செஸ்டர் சிட்டியில் எடர்சனைக் கோல்கீப்பராக வைத்திருந்தபோது, அவருடைய நீள உதையை ஓர் ஆயுதமாகவே பயன்படுத்தினார். 2018 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்கு எதிராக எடர்சன் அனுப்பிய நீளப் பந்தை சிட்டியின் அகுவேரோ ஓடி வாங்கிக் கோலாக்கினார். எதிரணி மேலே ஏறி வந்து நெருக்கினால் அதன் முதுகுக்குப் பின்னால் பந்து விழும் என்ற பயம் இருக்க வேண்டும். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும்தான் அது பின்வாங்கி நிற்கும். பின்வாங்கினால்தான் சின்னப் பாஸுக்கு நடுவில் இடம் கிடைக்கும்.

இதுதான் மூன்றாவது வாதத்தின் அடிப்படைப் பிழை. நீளப் பந்தை விட்டுவிட்டால் சின்னப் பாஸாவது மிஞ்சும் என்று நினைக்கிறார்கள். மிஞ்சாது. இந்த அணியால் தூரத்துக்குப் போட முடியாது என்று எதிரணிக்குத் தெரிந்த மறுநிமிடமே அதன் கடைசி வரிசை நடுக்கோடு வரை ஏறி வந்துவிடும். கோல்கீப்பர் தவிரப் பத்துப் பேரும் பாதி மைதானத்துக்குள் நெருக்கும்போது எந்தச் சின்னப் பாஸ் போகும்? சேராமல் போகிற நீளப் பந்தும் எதிரணியை நாலடி பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. அந்த நாலடியை யாரும் எண்ணுவதில்லை. அன்றைக்கு ரீப் கோலை மட்டும் எண்ணி ஏமாந்தார். இன்றைக்கு நம்மவர்கள் தவறிய பந்தை மட்டும் எண்ணி ஏமாறுகிறார்கள். இரண்டும் ஒரே பிழைதான்.

நம் மண்ணையும் பாருங்கள். சின்னப் பாஸ் பாதுகாப்பானது என்பது சமமாக வெட்டிய பச்சைப் புல்லில் ஆடுகிறவர்களின் பேச்சு. கல்லும் செம்மண்ணும் கலந்த மைதானத்தில் தரையோடு உருட்டிய பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் சேறாகிவிட்டால் பத்து மீட்டர் பாஸ்கூடப் பாதியில் நின்றுவிடும். அப்படிப்பட்ட தரையில் காற்று வழியே போகிற பந்துதான் நம்பகமானது. அதற்குத் தரை தடையில்லை. வேறு நாட்டுப் புல்வெளிக்கு ஏற்ற ஆட்டத்தை இந்த மண்ணில் கட்டாயப்படுத்திவிட்டு, அதைப் புதுமை என்று பெயர் சூட்டுவது சரியில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ஜோடிகளை நிரந்தரமாக்குங்கள். பின்வரிசையில் ஒருவனையும் முன்வரிசையில் ஒருவனையும் ஒரு பருவம் முழுவதும் சேர்த்தே வைத்திருங்கள். பயிற்சியின் முடிவில் தினமும் இருபது பந்து அவர்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். அடிக்கிறவனின் முந்தின தட்டு, ஓடுகிறவனின் முதல் அடி, இந்த இரண்டையும் சேர்த்து வையுங்கள். பந்து எங்கே விழுந்தது என்பதற்கு முன்னால், இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்களா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் கிளம்பியும் பந்து தவறினால் "நல்ல முயற்சி" என்று உரக்கச் சொல்லுங்கள். தற்செயலாகச் சேர்ந்த பந்துக்குக் கை தட்டாதீர்கள். முழு மைதானம் கிடைக்காவிட்டால் மூலைக்கு மூலை ஆடுங்கள். அறுபதுக்கு நாற்பது மீட்டர் இடத்திலும் குறுக்குமூலை எழுபது மீட்டருக்கு மேல் வரும். சரிவான திடலாக இருந்தால் பாதி நேரம் மேல்நோக்கியும் பாதி நேரம் கீழ்நோக்கியும் அடிக்க வையுங்கள். ஆடிக் காற்றில் பயிற்சியை நிறுத்தாதீர்கள். காற்றோடும் காற்றுக்கு எதிராகவும் அடித்துப் பழகியவன் வேறெங்கும் தடுமாற மாட்டான். சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் அது.

இவையெல்லாம் பயிற்சியாளர் கையில் இருப்பவை. இடம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. போடியும் ஒரு தொகுதிதான். இப்படிப்பட்ட அரங்குகளில் கோர்ட்டுகளும் நடைபாதையும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் முழு அளவுள்ள கால்பந்து மைதானமும் அந்தி சாய்ந்த பிறகு எரியும் விளக்குகளும். விளக்கு இருந்தால்தான் மலையிலிருந்து இறங்கி வருகிற இளைஞனுக்கு அது மைதானம். சிறுநகரங்களில் பெருகிவருகிற வாடகை டர்ஃபுகளை இதற்கு மாற்றாகக் காட்டாதீர்கள். தலைக்கு மேல் வலை கட்டிய அந்தச் சின்னக் கூண்டுக்குள் நீளப் பந்துக்கு இடமே இல்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆட நாள்கூலிக்காரன் பிள்ளைக்கு வசதியும் இல்லை. பள்ளிக்கூட மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஒரு ரூபாய் செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

ஒரு பதினாறு வயதுப் பையனிடம் "உனக்கு இது வராது" என்று சொல்லும்போது நாம் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. தூரத்தில் இருப்பதை எட்ட முயலாதே, கைக்கு எட்டியதோடு நிறுத்திக்கொள் என்று பழக்குகிறோம். மலையடிவாரத்துப் பிள்ளைகள் படிப்பிலும் வேலையிலும் அந்தச் சொல்லை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். மைதானத்திலும் அவர்கள் அதையே கேட்க வேண்டியதில்லை. ஆகவே பயிற்சியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த தடவை நீளப் பந்து தவறும்போது யாரையும் மாற்றி உட்கார வைக்காதீர்கள். இருவரையும் ஒன்றாக அழைத்து, நீ என்ன பார்த்தாய், நீ எப்போது கிளம்பினாய் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தொடங்குகிற அன்றைக்கே பயிற்சி தொடங்கிவிட்டது. அதன் பிறகும் பந்து சேராவிட்டால், அப்போது "வராது" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதுவரைக்கும் இல்லை.